ஏறியவர் நீட்டிய கை

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசைப்படுத்தியது நம் நாடு. பெற்றோருக்கு அடுத்த இடத்தையும் தெய்வத்திற்கு முந்திய இடத்தையும் ஆசிரியருக்கு அளித்தோம். ஆனால் அக்குருவின் திண்ணையில் அமர எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் இருந்ததா? அமர்ந்த குழந்தை நிமிர்ந்து நோக்கியபோது, தன் வீட்டாரைப் போன்ற ஒரு முகம் ஆசிரியர் இருக்கையில் தென்பட்டதா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் வரலாறு தரும் விடையைச் சங்க அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பேராசிரியர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து நாள்தோறும் பாலக்காட்டுக்குப் பேருந்தேறிச் சென்று வரும் வழியிலே படித்தவற்றையும் சிந்தித்தவற்றையும் இங்கே தொகுத்து எழுதுகிறோம். குற்றம் இருப்பின் பொறுத்தருள்க.

தலைமையாசிரியர் சொன்ன ஒரு சொல்

1937ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மைசூரில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் உலக மாநாடு ஒன்று கூடியது. அதற்கு அமெரிக்காவிலிருந்து வந்தவருள் பெஞ்சமின் மேஸ் என்னும் கறுப்பினத்துக் கல்வியாளரும் ஒருவர். 1894இல் தென் கரோலினா மாநிலத்தில் பிறந்த அவருடைய பெற்றோர் இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். மைசூரில் தீண்டப்படாதார் எனப்பட்ட மக்களின் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் அவரைத் தம் மாணாக்கரிடம் அழைத்துச் சென்றார். சென்றவர், இவரும் தீண்டப்படாதவரே. எனினும் உயர்ந்த நிலையை எய்தியவர் என்ற பொருள்பட மாணவர்க்கு அறிமுகம் செய்வித்தார்.

மேஸ் திடுக்கிட்டார், சினமும் கொண்டார். பிறகு சிந்தித்தார். தம் நாட்டில் தமக்கு மறுக்கப்பட்ட உணவு விடுதிகளும் வண்டிப் பெட்டிகளும் பள்ளிகளும் அவர் நினைவுக்கு வந்தன. அந்தத் தலைமையாசிரியர் சொன்னது பொய்யன்று என்று உணர்ந்தார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1959ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்து திருவனந்தபுரத்தையும் கண்டார். அங்கும் அதே வகுப்புப் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளிக்கு அழைக்கப்பட்டார். அங்கும் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள நம்மைப் போன்ற தீண்டப்படாதவர் என்றே அவரை அறிமுகம் செய்தார். கிங்கும் முதலில் அதிர்ந்தார்; பின்னர் ஆம், நாம் தீண்டப்படாதவரே என்று தமக்குள் ஒப்புக்கொண்டார். 1965இல் தம் திருச்சபையில் நிகழ்த்திய சொற்பொழிவில் இந்நிகழ்ச்சியைக் கிங் தாமே எடுத்துரைத்தார்.

இதில் வியப்பு யாதெனின், மேஸ் ஆசிரியர். கிங் அவருடைய மாணவர். ஆசிரியருக்கு மைசூரில் நேர்ந்தது மாணவருக்குத் திருவனந்தபுரத்தில் நேர்ந்தது. அவ்விரு தலைமையாசிரியர்களும் விருந்தினரை இழிவுபடுத்த எண்ணியவர்கள் அல்லர். தம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சான்றைக் காட்ட விழைந்தார்கள். “உங்களைப் போன்றவர் ஒருவர் இத்துணை உயரம் ஏறியிருக்கிறார், பாருங்கள்” என்பதே அவர்கள் சொல்ல வந்த பாடம். அந்தப் பாடத்தை எந்த நூலிலிருந்தும் நடத்த முடியாது. ஆளைக் கொண்டுவந்து நிறுத்தித்தான் நடத்த முடியும்.

கறுப்பினத்தாரின் கல்லூரிகள்

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது 1865இல். அதற்கு முன்னர்த் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றம். விடுதலைக்குப் பின்னும் வெள்ளையர் கல்லூரிகளின் கதவு பெரும்பாலும் திறக்கவில்லை. ஆகவே கறுப்பினத்தார்க்கென்று தனிக் கல்லூரிகள் எழுந்தன. வாஷிங்டன் நகரத்து ஹோவார்டு பல்கலைக்கழகமும், பின்னர் அட்லாண்டா நகருக்கு இடம் மாறிய மோர்ஹவுஸ் கல்லூரியும் 1867ஆம் ஆண்டு தோன்றியவை. பணமும் கட்டடமும் அவற்றில் குறைவு. ஆனால் மாணவரைத் தம் பிள்ளையாகக் கருதிய ஆசிரியர்களுக்குக் குறைவில்லை.

மேஸ் 1940 முதல் 1967 வரை மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவராயிருந்தார். கிங் அங்கு மாணவராகச் சேர்ந்தது 1944இல். அப்போது அவருக்கு வயது பதினைந்து. செவ்வாய்தோறும் காலையில் மேஸ் மாணவர் கூட்டத்தில் உரையாற்றுவது வழக்கம். உரை முடிந்தபின் இளைஞர் கிங் அவரைத் தொடர்ந்து சென்று, சொன்னவற்றுள் ஒப்பியதையும் ஒவ்வாததையும் விவாதிப்பாராம். மருத்துவமா, சட்டமா என்று தடுமாறிய மாணவர், அறிவும் சமயத் தொண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்திருக்கக் கூடும் என்பதை மேஸிடம் கண்டார். சமயத் தொண்டைத் தேர்ந்தார். தம் இருவருள் எவர் முந்தி மறைகின்றாரோ அவருக்கு மற்றவர் இரங்கலுரை ஆற்ற வேண்டும் என்பது அவர்களுக்குள் இருந்த உடன்பாடு. முதியவர்க்கு இளையவர் ஆற்ற வேண்டிய கடனை, 1968ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், எழுபத்து மூன்று வயது ஆசிரியர் முப்பத்தொன்பது வயது மாணவர்க்கு ஆற்றினார். புத்திர சோகம் என்பது பெற்றவர்க்கு மட்டும் உரியதன்று.

இனி, ஹோவார்டின் சட்டக் கல்லூரியை நோக்குவோம். சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்பவர் ஹார்வர்டில் சட்டம் பயின்றவர், 1895இல் பிறந்தவர். ஹோவார்டுச் சட்டக் கல்லூரியின் பொறுப்பு இவர் கைக்கு வந்தபோது அது வேலை முடிந்து வருவோர்க்கான இரவுக் கல்லூரி. அதனை முழுநேரப் பகற் கல்லூரியாக்கி, 1931இல் உரிய அங்கீகாரமும் பெறச் செய்தார். அவருடைய கண்டிப்பு பேர் போனது. முதல் நாளே மாணவரை நோக்கி, வலப்பக்கம் இருப்பவரைப் பாருங்கள், இடப்பக்கம் இருப்பவரைப் பாருங்கள், அடுத்த ஆண்டு இவர்களுள் பெரும்பாலோர் இரார் என்று எச்சரிப்பாராம். வெள்ளை வழக்கறிஞருக்குச் சமமாக இருந்தால் போதாது, அவரினும் மேம்பட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. சமுதாயத்தைச் செப்பனிடும் பொறியாளனாக இராத வழக்கறிஞன் அதனை உறிஞ்சும் ஒட்டுண்ணியே என்பது அவர் கொள்கை.

அவ்வகுப்பில் அமர்ந்திருந்தவருள் ஒருவர் தர்குட் மார்ஷல். இவரைச் சட்டம் படிக்கவைக்க இவருடைய அன்னையார் தம் திருமண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தார் என்பர். நம் வீடுகளில் காதணியும் வளையலும் கல்லூரிக் கட்டணமாக மாறுவதைக் கண்டவர்க்கு இது புதுமையன்று. 1933இல் மார்ஷல் முதல் மாணவராகத் தேறினார். ஆசிரியரும் மாணவரும் பிறகு ஒரே மேசையில் அமர்ந்து வழக்காடினர். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் கறுப்பின மாணவர் ஒருவர்க்கு இடம் பெற்றுத் தந்தது அவர்கள் சேர்ந்து வென்ற முதல் வழக்குகளுள் ஒன்று. 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், பொதுப் பள்ளிகளில் நிறத்தால் பிள்ளைகளைப் பிரித்தல் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவ்வழக்கை நடத்தியவர்களின் தலைவர் மார்ஷல். வழியை வகுத்த ஹூஸ்டன் 1950லேயே மறைந்துவிட்டார். விதை இட்டவர் கனியைக் கண்டிலர். ஆனால் அவர் பயிற்றிய கை அதனைப் பறித்தது. 1967இல் அந்த உச்ச நீதிமன்றத்திலேயே முதல் கறுப்பின நீதிபதியாக மார்ஷல் அமர்ந்தார்.

கொச்சி நாட்டுச் செய்தி

கடல் கடந்த கதை நமக்கு எதற்கு என்று கேட்பாருக்கு, நம் வாசலிலேயே ஒரு கதை உண்டு. நம் கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர் வட்டம் முன்னாளில் கொச்சி அரசுக்கு உட்பட்டது. கொச்சியின் ஏனைய பகுதிகளோடு ஒட்டாமல், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மலபாரும் கோயம்புத்தூரும் சூழத் தனித்துக் கிடந்த நிலப்பகுதி இது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உருவான பின்னரே பாலக்காடு மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆதலால் கொச்சி நாட்டுக் கல்வி வரலாறு நம் வரலாறும் ஆகும்.

அக்கொச்சியில், எறணாகுளத்தை அடுத்த முளவுகாடு என்னும் தீவில், 1912ஆம் ஆண்டு புலையர் குலத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாட்சாயணி என்று பெயரிட்டனர். அக்காலத்தில் அப்பெயரே ஒரு துணிச்சல். மேற்சாதியார் வழங்கும் தெய்வப் பெயர்களைப் புலையர் தம் மகளிர்க்கு இடுவது வழக்கமன்று. அவருடைய உறவினர் கிருஷ்ணாதி ஆசான் போன்றோர் புலையர் மகாசபையை நிறுவியபோது, கூட்டம் கூட நிலத்தில் இடம் கிடைக்கவில்லை. காயலில் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்து அவற்றின்மேல் கூடினார்களாம். நிலம் மறுத்தது, நீர் ஏற்றது.

தாட்சாயணி அரசு உதவித்தொகை பெற்று எறணாகுளம் மகாராசா கல்லூரியில் வேதியியல் பயின்றார். ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் மற்ற மாணாக்கர்க்குச் சோதனைகளைச் செய்து காட்டுவார். இப்பெண்ணை அருகில் விடார். தொலைவில் நின்று, குடுவையில் நிறம் மாறுவதையும் ஆவி எழுவதையும் கண்ணால் மட்டும் கண்டு கற்றுக்கொண்டார். அவ்வாறு கற்றே 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்த முதல் பெண் பட்டதாரி என்று அவரைப் போற்றுவர்.

அவர் ஆசிரியப் பயிற்சி பெற்று, கொச்சி நாட்டு அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆசிரியையாகப் பணிபுரிந்தார். தொலைவில் நிறுத்தப்பட்ட மாணவி, கரும்பலகைக்கு முன் வந்து நின்றார்! பட்டமும் பதவியும் பெற்ற பின்னும் வயல் வரப்பில் எதிர்ப்பட்ட மேற்சாதிப் பெண் ஒருத்தி அவரைச் சேற்றில் இறங்கி வழிவிடப் பணித்ததுண்டு. ஆசிரியை இறங்கவில்லை. 1945இல் கொச்சிச் சட்டசபையிலும், 1946இல் இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் அவர் உறுப்பினரானார். அந்நிர்ணய சபையில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரே பெண்மணி அவரே.

அவருக்கு முன்னரே கொச்சியில் வழி திறந்தவர் பண்டிட் கருப்பன். மீனவர் குலத்தில் 1885இல் பிறந்தவர். வடமொழி கற்றுப் புலவரானவர். எறணாகுளத்தில் மேற்சாதிப் பெண்கள் படித்த அரசுப் பள்ளியில் அவர் ஆசிரியராக அமர்த்தப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. அரசு அதற்கு இணங்கவில்லை. 1925இல் கொச்சிச் சட்டசபையில் நியமன உறுப்பினராகிய அவர், ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்குக் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் கிடைக்கப் பாடுபட்டார். பிற்காலத்தில் மகாராசா கல்லூரியிலேயே விரிவுரையாளரானார். மீனவர்க்கும் புலையர்க்கும் இடையே ஏற்றத்தாழ்வு பாராட்டிய காலம் அது. அவரோ தம் குலத்தாரோடு நில்லாமல் அனைவர்க்கும் உழைத்தார்.

திருவிதாங்கூரில் அய்யன்காளி பட்ட பாட்டையும் ஒரு சொல்லில் நினைவுகூர்வோம். எழுத்தறியாத அப்பெருமகனார் வெங்ஙானூரில் தம் மக்களுக்கெனப் பள்ளிக்கூடம் எழுப்பினார்; அது தீக்கிரையாக்கப்பட்டது. மீண்டும் எழுப்பினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடின் வயலில் இறங்கோம் என்று மக்களைத் திரட்டி நின்றார். 1937இல் வெங்ஙானூருக்கு வந்த காந்தியடிகளிடம் அவர் தம் ஆசையைச் சொன்னார். பொன்னன்று, நிலமன்று: தாம் கண்மூடுமுன் தம் குலத்தில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெற்றதைக் காண வேண்டும் என்பதே அது. பத்துப் பட்டதாரிகள் தோன்றினால் அவர்கள் நூறு பேருக்கு ஆசிரியராவர் என்பதை எழுத்தறியாத அவர் நன்கு அறிந்திருந்தார்.

தமிழகத்திலும் மராட்டியத்திலும்

தமிழகத்தில் சிதம்பரத்தை எடுத்துக்கொள்வோம். நந்தனாரின் பெயரோடு பிணைந்த அவ்வூரிலே, ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் 1890ஆம் ஆண்டு பிறந்த சுவாமி சகஜானந்தர், 1916இல் நந்தனார் பெயராலேயே கல்விக் கழகமும் பள்ளியும் கண்டார். கற்பித்ததோடு நில்லாமல் மாணவர் தங்கவும் உண்ணவும் விடுதி அமைத்தார். ஏன்? பசித்த வயிற்றில் பாடம் நில்லாது என்பதைத் தம் மக்களின் குடிசையில் கண்டு அறிந்தவர் அவர். 1959இல் அவர் மறையும் வரை அப்பள்ளியே அவர் குடும்பம். சென்னையில் எம். சி. இராசா பள்ளி ஆசிரியராயிருந்து 1920இல் சென்னைச் சட்டசபைக்குச் சென்ற தாழ்த்தப்பட்டோரின் முதல் உறுப்பினர். என். சிவராசு சென்னைச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 1945இல் சென்னை மேயர். வகுப்பறையினின்று பொதுவாழ்வுக்கு வந்தவர்கள் இவர்கள்.

மராட்டியத்தில் டாக்டர் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950இல் அவுரங்காபாத்தில் பிற்காலத்தில் மிலிந்த் என்று பெயர் பெற்ற கல்லூரியும் எழுந்தன. சிற்றூர்ச் சேரிகளிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் மிலிந்துக்கு வந்தனர். அங்கு முதல்வராக விளங்கிய எம். என். வான்கடே அதே மக்களிடையே தோன்றியவர். அமெரிக்காவில் உயர்கல்வி பயின்றவர். பயின்ற காலத்தில் கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களைக் கற்றறிந்து, அச்செய்தியை 1960களில் தம் மாணவரிடம் கொண்டுவந்து சேர்த்தார். உங்கள் துயரத்தையும் உங்கள் சொல்லால் எழுதலாம், அதுவும் இலக்கியமாகும் என்று ஊக்கினார். மிலிந்தில் ஆசிரியராயிருந்த கங்காதர் பான்தாவணே, ‘அஸ்மிதாதர்ஷ்’ என்னும் இதழை நடத்தி, பெயர் தெரியாத இளைஞர்களின் எழுத்தையெல்லாம் திருத்தி அச்சேற்றினார். மராத்தியில் தலித் இலக்கியம் தழைத்தமைக்கு அவ்வகுப்பறைகளும் அவ்விதழும் பெருங்காரணம். அட்லாண்டாவுக்கும் அவுரங்காபாத்துக்கும் இடையே இவ்வாறு ஒரு பாலம் அமைந்தது.

அவர்கள் கொடுத்தது என்ன?

இவ்வாசிரியர்கள் தம் மாணவர்க்குப் பிறர் கொடுக்காத எதைக் கொடுத்தார்கள்? எண்ணிப் பார்க்கையில் மூன்று தோன்றுகின்றன.

ஒன்று, வழி. கல்வி நூலில் மட்டும் இல்லை. எந்த விண்ணப்பத்தை எந்த நாளுக்குள் கொடுக்க வேண்டும், எந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் பெற வேண்டும், எந்த உதவித்தொகை எவர்க்கு உண்டு என்பதெல்லாம் படித்த குடும்பத்துப் பிள்ளைக்குச் சோற்றோடு ஊட்டப்படுகின்றன. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு ஒருவர் சொன்னால்தான் உண்டு. அதே காட்டைக் கடந்து வந்தவர்க்கே முள் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இரண்டு, கண்டிப்பு. ஹூஸ்டனைப் போல ஒருவர் கடிந்தால், “இவர் நம்மை இகழ்கிறாரோ” என்ற ஐயம் மாணவனுக்கு எழுவதில்லை. கடிந்துகொள்பவர் தன் நலம் நாடுபவர் என்று அறிவான். இரக்கத்தால் மதிப்பெண் இடும் ஆசிரியர் தீங்கு செய்கிறார். நம்பிக்கையால் கடிந்துகொள்பவர் நன்மை செய்கிறார்.

மூன்று, சான்று. ஆசிரியர் வாய் திறவாமல் வகுப்பில் நுழைந்தாலே போதும். “நம் தெருவிலிருந்தும் இவ்விருக்கைக்கு வழி உண்டு” என்பதை அம்முகமே சொல்லிவிடும்.

இதனால், தம்மினத்தாரே தமக்கு ஆசிரியராக வேண்டும், பிறர் வேண்டா என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளற்க. இளைஞர் அம்பேத்கர் 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறிய பின், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்து, பரோடா மன்னரின் உதவி கிட்ட வழி செய்தவர் கேளுஸ்கர் என்னும் வேற்று வகுப்பு ஆசிரியர். உழவூரில் ஏழைக் குடிசையில் பிறந்து இலண்டனில் படித்த கே. ஆர். நாராயணனை நேருவுக்குப் பரிந்துரைத்து மடல் எழுதியவர் ஹெரால்டு லாஸ்கி என்னும் ஆங்கிலப் பேராசிரியர். அந்நாராயணன் 1997இல் குடியரசுத் தலைவரானார். நல்லாசிரியர்க்குச் சாதியும் இல்லை, நாடும் இல்லை. ஆயினும் அத்தகைய ஒருவர் வாய்ப்பது பேறு. பேற்றை நம்பி ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளை விட்டுவிட முடியாது. பேறு வாய்க்காத பிள்ளைக்கும் ஒரு கை வேண்டும். அக்கையை நீட்டுவது முன்னே ஏறியவரின் கடன்.

நம் குடியிருப்புக்கு வருவோம்

நம் குறையை அம்மக்கள் பட்ட துயரத்தோடு ஒப்பிடுவது அடாது. நம்மை எவரும் விற்கவில்லை. நம் பள்ளியை எவரும் கொளுத்தவில்லை. நம் இடர் மொழியாலும் எல்லையாலும் வந்தது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும், அலுவலகத்தில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என்று நம் பிள்ளைகள் நான்கு துறைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவே.

எனினும் அந்த அவ்வளவே ஒரு வாழ்வைத் திருப்பிவிடப் போதுமானது. நாம் பத்தாம் வகுப்புத் தேறிய ஆண்டில், பிரீ-டிகிரி வகுப்பில் சேர ஒரு கல்லூரிக்குத் தனியே சென்றோம். தந்தையார் தோட்டத்தில் கூலி வேலை. அன்று விடுப்பெடுத்தால் அன்றைக்கு உலையில்லை. விண்ணப்பத் தாள் நமக்கு நன்கு படிக்கவராத மொழியில் இருந்தது. கேட்டறியக் கூச்சம். உடன் வைக்க வேண்டிய சான்றிதழ் ஒன்று இல்லை என்றனர். அது தாலுகா அலுவலகத்தில் கிடைக்கும் என்பதோ, மொழிச் சிறுபான்மையார்க்குச் சலுகைகள் உண்டு என்பதோ நமக்குத் தெரியாது. சொல்வாரும் இல்லை. அச்சான்றிதழைப் பெற்று மீண்டும் சென்றபோது கடைசி நாள் கடந்துவிட்டது. வீடு திரும்பினோம். பின்னர் இரயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தரானோம். இது குறையன்று, உண்ணும் சோறு இதனால் வந்தது. ஆனாலும் அன்று அந்த வராந்தாவில், “தம்பி, எந்த ஊர்? என்ன வேண்டும்?” என்று தமிழில் ஒருவர் கேட்டிருந்தால் என்ற எண்ணம், இத்தனை ஆண்டுகள் கழித்தும் சிற்சில இரவுகளில் வந்து போகிறது.

சென்ற ஆண்டு நம் மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சென்றோம். மேசைக்குப் பின்னாலிருந்த ஆசிரியை பெயரையும் ஊரையும் பார்த்தார். நிமிர்ந்து, “கொழிஞ்சாம்பாறையா அம்மா? நானும் அந்தப் பக்கந்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் வந்தேன். பயப்படாதே, உதவித்தொகை விண்ணப்பத்தை நாளைக்கே எடுத்துக்கொண்டு வா” என்றார். மகள் முகம் மலர்ந்தது. நாம் சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டோம். அன்று முதல் மகள் சொல்லும் சொல்லில் பாதி அந்த ஆசிரியை சொன்ன சொல். அவர் கண்டிப்பையும் சொல்லிச் சலித்துக்கொள்கிறாள். மறுநாள் விடியுமுன் எழுந்து படிக்கிறாள்.

இத்தகைய ஆசிரியர் ஒருவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதற்கு நாம் செய்யக்கூடியது யாது? சித்தூர் அரசுக் கல்லூரி 1947 முதல் நம் அருகில் உள்ளது; அங்கே தமிழ்த்துறையும் உண்டு. அங்கும் பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் படித்துத் தேறிய இளைஞரும் மகளிரும் நம் குடியிருப்பில் இன்று பலர் உளர். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவர்களுள் ஒருவரைச் சங்கம் துணையாகக் குறித்துக் கொடுக்கட்டும். பணம் வேண்டா. விண்ணப்பம் நிரப்பும் நாளில் உடன் செல்லவும், முதற் பருவத் தேர்வு வரை திங்களுக்கு ஒருமுறை அழைத்துப் பேசவும் ஒருவர் இருந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கசப்பாயினும் சொல்ல வேண்டும். நாமே சிறுபான்மையர் என்று முறையிடும் நம்மிடையே, துப்புரவுப் பணி செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டுவிழாவில் எந்த வரிசையில் அமர்கின்றனர்? பேச்சுப் போட்டிக்கு அவர்கள் பெயரை எவர் எழுதிக் கொடுக்கின்றனர்? மேற்சொன்ன துணை முதலில் செல்ல வேண்டியது அவ்வீட்டு வாசலுக்கே. அமெரிக்காவின் அநீதிக்கு இரங்கிவிட்டு அடுத்த வரிசை வீட்டை மறந்தால், இவ்வரலாற்றைப் படித்ததால் பயனில்லை.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி புறப்பட எல்லாம் ஆயத்தமாயிருப்பினும், அடுத்த நிலையத்திலிருந்து ‘லைன் கிளியர்’ வாராமல் அதை அனுப்புவதில்லை. முன்னே இருப்பவர், “பாதை சரியாயிருக்கிறது, வரலாம்” என்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளும் புறப்பட ஆயத்தமாகவே நிற்கின்றனர். அடுத்த நிலையத்தில் முன்னரே சென்று சேர்ந்தவர்கள் ஒரு சொல் சொல்லவேண்டும். அச்சொல்லை இந்த ஆண்டே சொல்லத் தொடங்குவோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!